டோக்கன் இல்லாத கவுண்டர்

ஜூன் 4

மதிப்பிற்குரிய துணை ஆணையர் (திட்டங்கள்) அவர்களுக்கு,

கிளை நூலகர் பணிவுடன் எழுதிக்கொள்வது.

பொருள்: என் நூலகத்தில் வரி வசூல் மையத்தைக் கொண்டுவந்து கொட்டுவது குறித்து.

இன்று காலை நூலகத்தைத் திறக்க வந்தால் கதவில் ஓர் அறிவிப்பு. ஒட்டிய பசைகூடக் காயவில்லை. வாடகைக் கட்டடத்தில் இருக்கும் மாநகராட்சி வரி வசூல் மையம், இந்த மாதம் பதினைந்தாம் தேதியிலிருந்து நூலகத்துக்குள்ளேயே இயங்குமாம். பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டுமாம். கீழே யார் கையெழுத்து என்று குனிந்து பார்த்தேன். பார்த்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அண்ணி, இதற்கு மேல் எனக்கு அலுவலக மொழி வராது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் வீட்டில்தானே இருந்தீர்கள்? சாப்பிட்டீர்கள், அப்பாவோடு சீட்டாடினீர்கள், ஜன்னல் திரை நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னீர்கள். இந்தச் சேதியைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லையா? கதவில் ஒட்டித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

வரி கட்ட வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று எனக்குத் தெரியாதா? கையில் பழைய ரசீதும் மனசில் கோபமுமாக வருவார்கள். போன தடவை கட்டியதை ஏன் கணக்கில் ஏற்றவில்லை என்று கத்துவார்கள். அவர்களைக் கொண்டுபோய் நாவல் அலமாரிக்கும் குழந்தைகள் மூலைக்கும் நடுவில் நிறுத்தப் போகிறீர்கள். படிக்கிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். அப்புறம் யாரும் வருவதில்லை என்று சொல்லி நூலகத்தை மூடிவிடுவீர்கள். இதுதானே திட்டம்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

அப்பாவிடம் சொன்னேன். "உன் அண்ணி ஒண்ணு செஞ்சா அதுல ஒரு காரணம் இருக்கும்" என்றார். பெற்ற மகளின் பக்கம் ஒரு நிமிஷம் நின்றால்தான் என்ன குறைந்துவிடும் அவருக்கு? அண்ணனுக்குப் போன் போட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்று வைத்துவிட்டான். அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உங்கள் போனை நான் எடுக்கப் போவதில்லை. பேசினால் அழுதுவிடுவேன். நீங்கள் உடனே குரலைத் தாழ்த்திப் பேசுவீர்கள், நான் சமாதானமாகிவிடுவேன். இந்த முறை எனக்குச் சமாதானம் வேண்டாம். அதனால் இதைத் தலைமை அலுவலகத்துக்குப் போகும் தபால் பையில் போடுகிறேன்.

இப்படிக்கு,
(இன்றுவரை) கிளை நூலகர்


ஜூன் 7

அன்புள்ள சின்னு,

உன் கடிதத்தை என் உதவியாளர்தான் பிரித்தார். "மேடம், கொட்டுவதுன்னு எழுதியிருக்காங்க. இதைப் புகார்னு பதியட்டுமா, கோரிக்கைன்னு பதியட்டுமா?" என்று கேட்டார். நாத்தனார் என்று பதியச் சொன்னேன்.

உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் நூலகத்தை மூடத்தான் பார்த்தார்கள். நான் இல்லை, நிதிக் குழு. அதன் தலைவருக்கு எங்கள் அலுவலகம் முழுக்கக் கத்தரிக்கோல் என்றுதான் பெயர். எதை நீட்டினாலும் கொஞ்சம் வெட்டிவிட்டுத்தான் திருப்பித் தருவார். கட்டடம் பெரிது, வருகிற ஆள் குறைவு, குத்தகைக்கு விட்டால் வருமானம் என்றார். அதே வட்டாரத்தில் வரி மையத்துக்கு நாம் மாதாமாதம் வாடகை அழுதுகொண்டிருக்கிறோம். அங்கே ஜனங்கள் வெயிலில் நிற்கிறார்கள், குடிக்கத் தண்ணீர்கூடக் கிடையாது. இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தால் வாடகை மிச்சம், அந்த மிச்சத்தில் நூலகமும் பிழைக்கும் என்றேன். அரைமனசாக ஒத்துக்கொண்டார்கள். செப்டம்பர் கடைசி வரை சோதனை.

சோதனையில் அவர்கள் பார்க்கப்போவது ஒன்றே ஒன்றுதான். வரி கட்ட வருகிற ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? பழைய இடத்தைவிடக் குறைந்தால் இரண்டும் அங்கேயே நிலைக்கும். கூடினால் வரி மையம் வேறு இடம் போகும், கட்டடம் குத்தகைக்குப் போகும், உன்னை இங்கே கொண்டுவந்து ஏதாவது ஒரு பிரிவில் உட்கார வைப்பார்கள். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். கையெழுத்து ஆனதே மறுநாள்தான். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நீ தெருத்தெருவாகக் கிளம்பி எதிர்ப்புக் கையெழுத்து வாங்கியிருப்பாய். 'அங்கேயே வேண்டாங்கறாங்களே' என்று கத்தரிக்கோல் ஒரே வெட்டாக வெட்டியிருப்பார். அதற்குத்தான் பயந்தேன். உன் முகத்தைப் பார்க்கவும் பயந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. உறவுக்காரி வேலை பார்க்கும் கிளை என்று மேலே எழுதிக் கொடுத்துவிட்டேன். சோதனை முடியும்வரை நான் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அதையும் என் கணக்கில் எழுதிவிடாதே.

உன் அண்ணன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னாராமே. சோபாவில்தான் படுத்திருந்தார்.

உன்,
அண்ணி


ஜூலை 1

அண்ணிக்கு,

கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனால் மூடப் பார்த்தார்கள் என்று படித்த அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் கொஞ்சம் இறங்கி வருகிறேன்.

வந்து இறங்கிவிட்டார்கள். மூன்று கவுண்டர், மூன்று எழுத்தர், ஒரு டோக்கன் எந்திரம், எண் காட்டும் பலகை ஒன்று. பத்திரிகைப் பகுதியைக் காலி செய்து கொடுத்தேன். அப்பா தினமும் உட்காரும் நாற்காலி இப்போது வரி வரிசைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், வருகிறவர்களுக்கு எந்தக் கவுண்டர் என்று வழிகாட்ட ஆரம்பித்துவிட்டார். பாதி தப்பாகத்தான் சொல்கிறார். ஆனால் மரியாதையாகச் சொல்கிறார்.

மூத்த எழுத்தருக்கு நான் கண்ணாடிக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேஜை முழுக்கத் தேடுகிற ஆள். முத்திரை குத்துவது ஆணி அடிப்பது மாதிரி இருக்கும். மேஜைக்கு அடியில் பழைய துணியை மடித்து வைத்தேன். இப்போது பரவாயில்லை. "உங்க இடத்துல வந்து சத்தம் போடறோம், மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது?

தாங்க முடியாதது அந்த எந்திரம்தான். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் டிங் டாங் என்று மணி அடித்து, உள்ளிருந்து ஒரு அம்மா "டோக்கன் எண் இருபத்தேழு, இரண்டாம் கவுண்டருக்கு வரவும்" என்று கூப்பிடுவாள். குழந்தைகள் மூலையில் நான் கதை படித்துக் காட்டும்போது, ராஜா வாயைத் திறந்தால் இருபத்தேழு வருகிறது. அதற்கும் ஒரு வழி செய்துவிட்டேன், இப்போது நூலகம் நூலகமாக இருக்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாமல் இருக்க முடியவில்லை. தண்ணீர் வரி கட்ட வந்த குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று தேனீ வளர்ப்புப் புத்தகத்தை நீட்டினேன். மறுவாரம் வரி எதுவும் இல்லாமலே வந்தார். முடிக்க வேண்டுமாம். எனக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

சின்னு


ஆகஸ்ட் 2

சின்னு,

இது நல்ல கடிதம் இல்லை. உட்கார்ந்துகொண்டு படி.

முதல் கணக்கு வந்துவிட்டது. உங்கள் கிளையில் காத்திருக்கும் நேரம் பழைய இடத்தைவிட இரண்டு மடங்கு. நான் எந்திரம்தான் தப்பு என்று நினைத்து மறுபடி எடுக்கச் சொன்னேன். அதேதான் வந்தது. டோக்கன் எடுத்ததிலிருந்து ஆள் கவுண்டருக்கு வந்து நிற்கும்வரை எந்திரமே நேரத்தைக் குறித்துக்கொள்கிறது, அதில் யாரும் கை வைக்க முடியாது. வெயிலில் நின்ற ஜனங்களுக்கு நிழல் கொடுத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நிழலில் இரண்டு மடங்கு நேரம் உட்கார வைத்திருக்கிறேன்.

கத்தரிக்கோல் கூட்டத்தில் பேனாவை மூடி சட்டைப்பையில் குத்திக்கொண்டார். அவர் பேனாவை மூடினால் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.

உன் கண்ணாடிக்காரர் வேலை பார்க்கிறாரா, இல்லை கண்ணாடி தேடுகிறாரா? மூன்று பேரையும் இங்கே அழைத்து விளக்கம் கேட்கச் சொல்லி வருவாய்ப் பிரிவில் பேச்சு ஓடுகிறது. உண்மையைச் சொல். யாரையும் காப்பாற்றப் பார்க்காதே.

அண்ணி


ஆகஸ்ட் 5

அண்ணி,

யாரையும் கூப்பிட்டு விளக்கம் கேட்காதீர்கள். கேட்க வேண்டியது என்னைத்தான்.

மணியை அணைத்தது நான். வழி செய்துவிட்டேன் என்று எழுதினேனே, அதுதான். எந்திரத்துக்குப் பின்னால் ஒரு திருகு இருக்கிறது, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டேன். நூலகத்தில் சத்தம் கூடாது, அவ்வளவுதான் என் மண்டையில் ஓடியது. பலகையில்தான் எண் வருகிறதே, பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். ஆனால் பலகையை மாட்ட ஒரே ஒரு சுவர்தான் காலியாக இருந்தது, அது படிக்கிற மேஜைகளுக்குப் பின்பக்கம். மற்ற சுவரெல்லாம் அலமாரி. மணியும் இல்லை, பலகையும் முதுகுக்குப் பின்னால். புத்தகத்தில் தலையை விட்டவர்களுக்கு எண் எப்படித் தெரியும்? எழுத்தர்கள் பாவம், பொத்தானை அழுத்திவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். கண்ணாடிக்காரரைக் கேட்டேன். "நீங்க ஏதோ காரணமாத்தான் செஞ்சிருப்பீங்கன்னு விட்டுட்டேன்மா. இந்த வேலைக்கு வந்து இப்பத்தான் தலைவலி இல்லாம வீட்டுக்குப் போறேன்" என்றார்.

உங்கள் கடிதம் வந்ததும் மணியைத் திருப்பி வைத்தேன். முதல் டிங் டாங்குக்கே தொட்டில் வயசுக் குழந்தை ஒன்று வீரிட்டு அழுதது. நேரம் குறைகிறது, உண்மைதான். ஆனால் வரி கட்டிய கையோடு எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள். ஒரே நாளில் மேஜைகள் பழையபடி காலி.

இதில் இன்னொரு கூத்து. எண் தெரிந்தும் எழுந்திருக்காதவர்கள் பலர். தையல் வேலை பார்க்கும் ஒரு அம்மாவிடம் போய் உங்கள் எண் போய்விட்டது என்றேன். "தெரியும்மா. இன்னும் நாலு பக்கம்தான் இருக்கு. வீட்டுக்குப் போனா யாரு என்னை உட்கார விடுவா?" என்றார். அந்த அம்மாவைத்தான் உங்கள் எந்திரம் காத்திருந்து கஷ்டப்பட்டவர் என்று எழுதிவைத்திருக்கிறது.

மணி இருந்தால் நூலகம் சாகிறது. மணி இல்லாவிட்டால் கணக்கு சாகிறது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அண்ணி, இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. வேண்டுமென்றே உட்கார்ந்தவர்களை மட்டும் கணக்கிலிருந்து கழித்துவிட முடியாதா? யாருக்குத் தெரியப் போகிறது?

சின்னு


ஆகஸ்ட் 8

சின்னு,

எனக்குத் தெரியும்.

எண்களைத் தொட மாட்டேன். நீ என் வீட்டுப் பெண் என்பதற்காக இன்னும் ஒரு மடங்கு தொட மாட்டேன். இப்படிக் கேட்டுவிட்டாயே என்று வருத்தமாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை. எழுத்தர்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். மணி விஷயத்தை உள்ளபடி குழுவுக்கு எழுதிவிட்டேன், உன் பெயரோடு.

இந்த ஊரில் எத்தனை பேர் வேலை கெட்டு, அரை நாள் கூலி போய் நம் கவுண்டர்களில் நிற்கிறார்கள் தெரியுமா? அவர்களுக்கு நாவல் வேண்டாம், வேலை முடிந்தால் போதும். தையல்கார அம்மா உட்கார்ந்து படிக்கவும் வேண்டும், அவர்களுக்குச் சட்டென்று வேலை முடியவும் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே வழி கண்டுபிடித்தால் எழுது.

அண்ணி


செப்டம்பர் 26

அன்புள்ள அண்ணிக்கு,

இத்தனை நாள் எழுதவில்லை. வெட்கம்தான் காரணம். அப்படிக் கேட்டது தப்பு. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபப்பட்டேன், பிறகு அப்பா கேட்காமலே இரண்டு தரம் தேநீர் போட்டுக்கொடுத்தேன். வீட்டில் எனக்கு மனசு சரியில்லை என்று அப்படித்தான் தெரியும்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வழி கிடைத்துவிட்டது.

என் மேஜைக்குப் பின்னால் ஓர் அலமாரி உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாராவது ஒரு புத்தகம் வேண்டும் என்று சொல்லி வைத்தால், அது வந்ததும் பெயர் எழுதிய சீட்டைச் செருகி அதில் வைத்துவிடுவேன். வருவார்கள், பெயரைச் சொல்வார்கள், எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு நாள் மணி விஷயமாகக் கண்ணாடிக்காரரும் நானும் வாக்குவாதத்தில் இருந்தோம். அந்த நேரம் ஒரு பெண் வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். "இவங்க மட்டும் ஏன் டோக்கன் வாங்கல?" என்று கேட்டார், என்னை மடக்குவதாக நினைத்து. "அவங்க கேட்டது தயாரா இருக்கு, வந்து எடுத்துட்டுப் போறாங்க. எதுக்குங்க டோக்கன்?" என்றேன். நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி அலமாரியைப் பார்த்தார். "அப்ப ரசீதுக்கு மட்டும் எதுக்கும்மா டோக்கன்?" என்றார். அன்றைக்கே இரண்டு பேருமாக அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தோம்.

அவ்வளவுதான் விஷயம். வருகிறவர் தாளையும் பணத்தையும் என் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் கொடுக்கிறார். பணத்தை எண்ணி அங்கேயே துண்டுச் சீட்டு தந்துவிடுகிறோம். பிறகு அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். படிக்கிறவர் படிக்கலாம், வேலை இருக்கிறவர் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வரலாம். எழுத்தர்கள் வந்த வரிசைப்படி வேலையை முடித்து, ரசீதில் பெயர்ச் சீட்டைச் செருகி அந்த அலமாரியில் வைக்கிறார்கள். போகும்போது புத்தகம் எடுத்திருந்தால் புத்தகமும் ரசீதும் ஒரே இடத்தில். மணி இல்லை, எந்திரம் இல்லை, பெஞ்சு இல்லை. கூலி வேலைக்குப் போகிற ஆட்கள் காலையில் தாளைக் கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள். நீங்கள் சொன்ன இரண்டு பேருக்கும் வழி இதுதான்.

கள்ளத்தனம் எதுவும் இல்லை, வருவாய் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டோம். முதல் நாள் ஒருவருடைய தண்ணீர் வரி ரசீது இன்னொருவருடைய சமையல் புத்தகத்துக்குள் போய்விட்டது. இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களே மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வீட்டு எண்ணையும் எழுதுகிறோம். ஜனங்களைக் கூப்பிடுவதும் காத்திருப்பதும் இல்லாததால் வேலை கடகடவென்று நடக்கிறது. மூன்று எழுத்தர் தேவையே இல்லை. ஒருவர் ஆள் இல்லாத வேறு மையத்துக்குப் போய்விட்டார். இன்னொருவர் மதியத்துக்கு மேல் வந்து சாயங்காலம் இருக்கிறார், அதனால் நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்க முடிகிறது.

இப்போது புதுக் கவலை. டோக்கன் எடுக்காததால் எந்திரம் காத்திருக்கும் நேரத்துக்கு எதிரே ஒன்றுமே காட்டவில்லை, வெறும் கோடு போடுகிறது. கோட்டைப் பார்த்தால் கத்தரிக்கோல் என்ன நினைப்பார்? எந்திரத்தை உடைத்துவிட்டோம் என்றா?

இதற்கு நடுவில் நேற்று ஒரு மனிதர். வந்ததும் டோக்கன் எங்கே என்று அதட்டினார். இங்கே டோக்கன் கிடையாது, கொடுத்துவிட்டு உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தவர் போனை எடுத்து ஊருக்கே கேட்கிற மாதிரி பேச ஆரம்பித்தார். "வெளியில போய்ப் பேசுங்க சார், இங்க நாலு பேர் படிக்கிறாங்க" என்று கதவைத் திறந்து பிடித்தேன். முறைத்துக்கொண்டே போனார். திரும்பி வந்ததும் அப்பா பரிதாபப்பட்டு ரயில் பாதைகள் பற்றிய ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்தார். மூடும் நேரம்வரை ஆள் அசையவில்லை. ஆனால் போகும்போதும் முகத்தை உம்மென்றுதான் வைத்திருந்தார். சிலருக்கு எதைக் கொடுத்தாலும் திருப்தி கிடையாது.

இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. நிதிக் குழுக் கூட்டம் முடிந்ததும் ஒரு வரியாவது எழுதுங்கள். போன் வேண்டாம், எடுக்க மாட்டேன்.

உங்கள்,
சின்னு


அக்டோபர் 1

என் தங்கமே,

மூடவில்லை. முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சு விடு. நூலகம் அங்கேயே இருக்கிறது, வரி மையமும் அங்கேயே. நிரந்தரம். உத்தரவு தனியாக வரும்.

இனி சிரிக்கத் தயாராகு. நீ கதவைத் திறந்து பிடித்தாயே, அந்த மனிதர்தான் கத்தரிக்கோல்.

யாரிடமும் சொல்லாமல் தன் வீட்டு வரித் தாளை எடுத்துக்கொண்டு நேரில் வந்திருக்கிறார். நேற்றுக் கூட்டத்தில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார். "நான் போய்ப் பார்த்துட்டேன். கவுண்டர்ல ஒரு ஆள் இல்ல. வரிசை இல்ல. டோக்கன்கூட இல்ல. எந்திரம் வெறும் கோடு போடுது. யாருமே வராத இடத்துக்கு எதுக்குச் செலவு?" என்றார். மாதம் முழுக்க முடிந்த ரசீதுகளின் எண்ணிக்கையை நீட்டினேன், பழைய இடத்தைவிட நிறையக் கூடுதல். "காகிதத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்று தள்ளி வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், உங்க வரி என்ன ஆச்சு?" என்றேன். சட்டைப்பையைத் தடவி ரசீதை எடுத்து மேஜையில் வைத்தார். "இதுக்கு நீங்க எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?" என்று கேட்டேன். "நான் எங்கம்மா காத்திருந்தேன்? நான் பாட்டுக்குப் படிச்சுக்கிட்டில்ல இருந்தேன்" என்றார்.

குழுவில் மூத்த உறுப்பினர் ஒரு அம்மா சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் எல்லாரும். கத்தரிக்கோல் ரசீதைப் பார்த்தார், எந்திரம் கொடுத்த கணக்குத் தாளில் இருந்த கோட்டைப் பார்த்தார், பேனாவை எடுத்து அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு நாள் பழகியதில் அவர் எதையும் வெட்டாமல் கையெழுத்துப் போட்டு நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

வெளியே வரும்போது, "அந்த நூலகத்தம்மா என்னை வெளியில அனுப்பிட்டாங்க" என்றார். அவள் என் நாத்தனார், முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறேனே என்று நினைவுபடுத்தினேன். "அதான் பார்த்தேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி அதட்டுறீங்க" என்றார். அந்த ரயில் பாதைப் புத்தகத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே. உறுப்பினர் ஆக என்ன தாள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

மற்ற கிளைகளிலும் இதே முறையைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். நாம் வாடகை கொடுக்கும் இன்னும் சில மையங்களைப் பட்டியல் போட்டுவிட்டேன். உன் அண்ணனுக்குச் சொன்னேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எனக்கும் நேற்றிரவு நல்ல தூக்கம். இத்தனை மாதம் நான் எப்படித் தூங்கினேன் என்று உன்னிடம் சொல்லவில்லை, இனிச் சொல்லவும் வேண்டாம்.

உன்,
அண்ணி


அக்டோபர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன், நூலகத்திலேயே. சத்தம் போட்டது நான்தான். தையல்கார அம்மா நிமிர்ந்து "உஷ்" என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போய் மீதியைப் படித்தோம். கத்தரிக்கோல்தான் அந்த மனிதர் என்ற இடம் வந்ததும் அப்பா, "நான்தானே புத்தகம் கொடுத்தேன்" என்றார். அன்றிலிருந்து நூலகத்தைக் காப்பாற்றியது தான்தான் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்றைக்கு உத்தரவு கையில் வந்தது. நல்ல தாளில், பெரிய முத்திரையோடு. பத்து தரம் படித்துவிட்டேன்.

இப்போது உங்களிடம் ஒன்று சொல்லலாம். ஆகஸ்டில் இரண்டு மடங்கு என்று எழுதினீர்களே, அதற்கு மறுநாளிலிருந்து தினம் ஒரு சாமானாக என் சொந்தப் பொருள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். மேஜை விளக்கு, நாற்காலியில் போடும் மெத்தை, தேநீர் கோப்பை, மழைக்கு வைத்திருந்த செருப்பு, குழந்தைகள் வரைந்து கொடுத்த படங்கள். கைப்பைக்குள் வைத்து ஒவ்வொன்றாக. மூடுகிற அன்றைக்கு மூட்டை கட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் நடந்து போக எனக்குத் தெம்பு இல்லை அண்ணி. அப்பாவுக்குக்கூடத் தெரியாது, எல்லாம் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. செப்டம்பர் முழுக்க வெறும் மேஜையில் உட்கார்ந்துதான் அத்தனை வேலையும் பார்த்தேன்.

இன்று காலை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு தெரு வழியாக நடந்து வந்தேன். கை வலித்தது, ஆனால் எங்கேயும் இறக்கி வைக்கத் தோன்றவில்லை. வாசலில் கண்ணாடிக்காரர் ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, புதுசா வேலைக்குச் சேர்றவங்க மாதிரி சாமானோட வர்றீங்க?" என்றார்.

"ஆமாங்க. இன்னைக்குத்தான் சேர்றேன்" என்றேன்.

உங்கள்,
சின்னு